அங்கிட்டு ஒண்ணு, இங்கிட்டு ஒண்ணு

மாரிக்கனி வென்றதையெல்லாம் முதலிலேயே வரிசையாகச் சொல்லிவிடுவது நல்லது. மில் கேட்டுக்கு வெளியே தகரக் கூரை போட்ட ஒரு நிழல். அதற்குள் ஒரு நாற்காலி. தூரத்திலிருந்து பார்த்தாலும் மின்னுகிற ஆரஞ்சு மேல்சட்டை, கழுத்தில் விசில். காண்டிராக்ட் கூலி என்ற பேர் போய், மில்லின் நிரந்தர ஆள் என்ற பேர். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே அந்த ஒரு இடத்தில் மட்டும், யாரும் கேட்காமலேயே வேகத்தைக் குறைக்கிற கார்கள். தன் தடத்தில் எவருக்கும் விட்டுக்கொடுத்தறியாத ஒரு பஸ் டிரைவர் அவளுக்காக மிதித்த பிரேக். லாரிக்காரர்கள் வாயில் ‘ஏ பொம்பள’ என்றிருந்தது மாறி வந்த ‘அக்கா’. அப்புறம், இரண்டு தடவை இடிந்து, மூன்றாம் தடவை கட்டியபின் இன்றுவரை நிமிர்ந்து நிற்கிற ஒரு தூண்.

இத்தனையையும் வென்றவள் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. மற்ற பிள்ளைகள் சிலேட்டோடு போன வயதில் சுந்தரபாண்டியத்துக் காடுகளில் பருத்தி எடுக்கப் போனாள். கட்டிக்கொடுத்த இடத்தில் புருஷன் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டான். அதன்பிறகு பஞ்சு மில்லில் கூட்டிப் பெருக்குகிற வேலை. கூலி வாங்கும்போது கட்டைவிரலை நீட்டுவாள். மை துடைக்க முந்தானையில் ஒரு ஓரத்தை ஒதுக்கி வைத்திருந்தாள்.

அவளுடைய அண்ணன் வேலுசாமி எட்டாம் வகுப்பு வரை படித்தவன். அந்தப் படிப்பு லாரி லைசென்ஸ் வாங்கப் போதுமானதாக இருந்தது, வாங்கிக்கொண்டு ஏறிவிட்டான். ராஜபாளையத்தில் ஒரு டிரான்ஸ்போர்ட்டில் டிரெய்லர் ஓட்டுகிறான். ஒவ்வொரு டயரையும் சுத்தியலால் தட்டி, சத்தம் கேட்டுப் பார்க்காமல் வண்டியை நகர்த்தமாட்டான். கண்ணாடி துடைக்கிற துணியைக்கூட நாலாக மடித்து அதற்கென்று இருக்கிற இடத்தில்தான் வைப்பான். அவனுடைய கிளீனர் பால்ச்சாமி அவனைவிட வயதில் மூத்தவர். “இவன் கல்யாணத்துல தாலியையும் தட்டிப் பாத்துட்டுத்தான் கட்டுனான்” என்று டீக்கடையில் சொல்லுவார்.

அப்படிப்பட்டவனே பயப்படுகிற ஓர் இடம் இருந்தது என்றால் அது தங்கச்சி வேலை பார்த்த மில்லின் வாசல்தான்.

அந்த மில் கட்டிய காலத்தில் வாசலும் ரோடும் ஒரே மட்டத்தில் இருந்தன. ரோடு போடப் போட ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் உயர்ந்தது. மில் இருந்த இடத்திலேயே இருந்தது. கடைசியில் கேட்டுக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவே செங்குத்தாக ஓர் ஏற்றம் வந்துவிட்டது. நூல் லோடு ஏற்றிய வண்டி அந்த ஏற்றத்தை ஒரே மூச்சில் ஏறி, இடப்பக்கம் ஒடித்து, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் போகிற ஓட்டத்தில் கலந்துவிட வேண்டும். நடுவில் நின்றதோ, தொலைந்தது. வண்டி பின்னால் உருளும். கிளீனர் குதித்து சக்கரத்துக்கு அடியில் கட்டை போடுவதற்குள் கேட்டுத் தூணில் போய் முட்டும். இரண்டு தடவை முட்டியிருக்கிறது.

ஏன் நடுவில் நிற்க வேண்டி வந்தது? மேலே போகிறவன் வழி விடமாட்டான். அவனைச் சொல்லியும் குற்றமில்லை. லாரிக்காரர்களிடம் வால் பிடிக்கிற வழக்கம் ஒன்று இருந்தது. ஒரே மில் வண்டிகள் பிரியக் கூடாது. முதல் வண்டி நுழைந்தால் அடுத்தது அதன் வாலைப் பிடித்துக்கொண்டு, அதற்கடுத்தது இதன் வாலைப் பிடித்துக்கொண்டு நுழைந்துவிட வேண்டும். அப்படிப் போவதில் ஒரு கெத்தும் உண்டு. ஒரு வண்டிக்கு இரக்கப்பட்டு நின்ற கார்க்காரன் மூக்குக்கு நேரே வரிசையாக நான்கு லாரி போகும். அடுத்த நாள் அவன் ஒன்றுக்கும் நிற்கமாட்டான். பழைய வாட்ச்மேன் சிவப்புக் கொடியோடு நடு ரோட்டில் ஓடிப் போய் மறித்துப் பார்த்தார். வண்டிகள் அவரையும் சுற்றிக்கொண்டு போயின. இரண்டாம் தடவை தூண் விழுந்த அன்று கொடியைச் சுருட்டி ஆபீஸில் வைத்துவிட்டு, “எனக்குப் பேரன் பேத்தி இருக்கு சார்” என்று போய்விட்டார். அதற்குப் பிறகு அந்த இடத்துக்கு ஆள் கிடைக்கவில்லை.

மாரிக்கனி அந்த ஏற்றத்தில் சிந்திக் கிடக்கிற பஞ்சைத்தான் தினமும் கூட்டிக்கொண்டிருந்தாள். கூட்டுகிறவளுக்கு எல்லாம் தெரியும். எந்த வண்டி எங்கே திணறுகிறது, எந்த டிரைவருக்கு எப்போது பதற்றம் வருகிறது என்று.

லோடு அனுப்புகிற பிரிவுக்கு கௌதம்ராஜ் என்பவர் மேனேஜர். ராஜபாளையத்துக்காரர். வீட்டில் தெலுங்கு, மில்லில் தமிழ், போனில் இங்கிலீஷ். அவர் மேஜைக்கு முன்னால் விளக்குமாற்றோடு போய் நின்றாள்.

“சார், அந்த எடத்துல நான் நிக்கேன்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “உனக்கு வண்டி ஓட்டத் தெரியுமா?”

“ஓட்டத் தெரியாது சார். நிப்பாட்டத் தெரியும்.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் வேறு ஆளும் இல்லை. “சரி, ஆடிப்பூரம் வரைக்கும் நில்லு. ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேர் அன்னைக்குத்தான் இந்த ரோடு என்னன்னு தெரியும். அன்னைக்குச் சாயந்தரம் தூண் நின்னா நீ மில் ஆளு. விழுந்தா முன்வாசலை மூடிட்டுப் பின்வாசல் தொறக்கச் சொல்லி முதலாளி உத்தரவு. அப்புறம் அங்க ஆளே வேண்டாம். கூட்டுறதுக்கும் மெஷின் வருது, அதையும் நினைச்சுக்க.”

அதாவது, போன இடத்தில் தோற்றால் திரும்பி வர விளக்குமாறும் இருக்காது. சரி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

வேலுசாமிக்குச் செய்தி டீக்கடையில்தான் கிடைத்தது. இன்னொரு டிரெய்லர் ஓட்டுகிற எட்வின் வடையைப் பிய்த்துக்கொண்டே சொன்னான்: “வேலுண்ணே, உங்க தங்கச்சி இனிமே டிராபிக் போலீசாம்லா. நமக்கெல்லாம் கொடி காட்டுவாகளாம்.”

“யாரு சொன்னா?”

“போய்ப் பாருங்க. வெயிலுக்குத் தலையில முந்தானையப் போட்டுக்கிட்டு, கையில ரெண்டு துணி. நான் துணி காயப் போடுதாகன்னுல்ல நெனச்சேன்.”

பால்ச்சாமி குலுங்கிச் சிரித்தார். வேலுசாமி சிரிக்கவில்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினான்.

போய்ப் பார்த்தால் அவள் நின்ற விதமே புதிதாக இருந்தது. கொடி பிடிக்கிறவன் நெடுஞ்சாலையைப் பார்த்து நிற்பான். இவள் ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மில் லாரிகளைப் பார்த்து, ஏற்றத்தின் அடியில் கம்பில் கட்டிய சிவப்புத் துணியை நீட்டி நின்றுகொண்டிருந்தாள். அடிக்கடி தலையை மட்டும் திருப்பி மேலே பார்த்துக்கொண்டாள். அவளுக்கு எதிரே மூன்று லாரிகள் உறுமிக்கொண்டிருந்தன.

“ஏட்டி, கிறுக்கா பிடிச்சிருக்கு? மறிக்க வேண்டியவன அங்கிட்டு விட்டுட்டு எங்கள மறிச்சுக்கிட்டு நிக்கிய?”

“ரோட்டுல போறவன் எனக்கு என்ன வேணும்ணே? அவன் எதுக்கு நான் சொன்னா நிக்கணும்? நீங்க மில் லோடு. நீங்கதான் நிக்கணும்.”

“நாங்க நின்னா அவன் வழி விட்டுருவானாக்கும்?”

“நம்ம தெருக் குழாயடியில எப்படி?”

வேலுசாமிக்கு அதற்குப் பதில் தெரியும். சுந்தரபாண்டியத்தில் அவர்கள் தெருக் குழாய் இரண்டு தெருவுக்குப் பொது. தண்ணீர் திறந்துவிட்டதும் கீழத் தெருக் குடம் ஒரு வரிசை, மேலத் தெருக் குடம் ஒரு வரிசை. அங்கிட்டு ஒண்ணு, இங்கிட்டு ஒண்ணு. எவளாவது ஒரு குடத்துக்குப் பின்னாலேயே இன்னொரு குடத்தைச் செருகினால் சண்டைதான். மாரிக்கனி சின்னப் பிள்ளையிலேயே அந்த வரிசைக்குக் காவல். ஒரு தடவை பெற்ற தாய் பெத்தம்மாளே அவசரத்தில் இரண்டாவது குடத்தை நகர்த்தியபோது, அதைத் தூக்கி வரிசையின் கடைசியில் வைத்துவிட்டாள். பெத்தம்மாள் அன்று முழுக்க மகளோடு பேசவில்லை. ஆனால் மேலத் தெருக்காரிகள் அதற்குப் பிறகு குழாயடியில் சத்தம் போட்டதில்லை.

“குடமும் லாரியும் ஒண்ணாட்டி?”

“ஆளு ஒண்ணுதாம்ணே. ஒண்ணு விட்டா ஒண்ணோட நிப்பாகன்னு தெரிஞ்சா எவனும் விடுவான். நாலு வருமோன்னு பயந்துதான் விடமாட்டேங்கான்.”

பால்ச்சாமி பின்னாலிருந்து, “முடிஞ்சுது சோலி. நேஷனல் ஹைவேயக் குழாயடி ஆக்கிப்புட்டா” என்றார்.

அவள் செய்தது இதுதான். லோடு வண்டியை ஏற்றத்தின் அடியில், சமதரையில், எஞ்சின் ஓட நிறுத்தி வைப்பாள். மேலே வருகிற வண்டிகளில் ஒன்றைக் கண்ணால் பிடிப்பாள். அந்த டிரைவர் இவளைப் பார்த்து, காலை பிரேக்குக்கு மாற்றி, வண்டியின் முன்பக்கம் லேசாகத் தாழ்ந்தால்தான் பச்சை. லாரி ஒரே மூச்சில் ஏறும். அது ஏறிய உடனே, பின்னாலேயே வால் பிடிக்க வருகிறவன் மூஞ்சிக்கு முன்னால் சிவப்பு. அடுத்த வேலை, வழி விட்டவனைப் பார்த்து ஒரு கும்பிடு. கார் ஆனாலும் கும்பிடு, பால் வேன் ஆனாலும் கும்பிடு.

முதலில் சொந்த லாரிக்காரர்களே அவளைத் திட்டினார்கள். “விளக்குமாறு பிடிச்ச கைக்கு எங்க லைசென்ஸு அடங்கணுமோ?” என்று ஒருவன் கேட்டான். இன்னொருவன் அவள் பாதத்துக்கு ஒரு சாண் தள்ளி வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டே இருந்தான். புகை மூஞ்சியில் அடித்தது. அவள் முந்தானையை மூக்கில் பொத்திக்கொண்டாள், கொடியை இறக்கவில்லை. வேலுசாமி அதைக் கேட்டுக்குள்ளிருந்து பார்த்தான். இறங்கிப் போய்ச் சண்டை போட நினைத்தவன், அவள் நின்ற நிலையைப் பார்த்துவிட்டு அப்படியே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். நம்ம வீட்டுப் பிள்ளையா இது என்று நெஞ்சு ஒரு சுற்றுப் பெருத்தது. வெளியில் காட்டிக்கொள்ளவில்லை.

மேலே போகிறவர்களில் தினமும் போகிறவர்கள்தான் முதலில் புரிந்துகொண்டார்கள். கிருஷ்ணன்கோவில் போகிற காலேஜ் பஸ்கள், பால் வேன், ஸ்கூட்டரில் போகிற டீச்சர்கள். ஒன்று விட்டால் போதும், இரண்டாவது வராது என்று தெரிந்ததும் அவர்கள் கால் தானாகத் தளர்ந்தது. தளராத கால் ஒன்றுதான். அது ஐயாதுரையின் கால்.

ஐயாதுரை தனியார் பஸ் டிரைவர். ராஜபாளையம் – ஸ்ரீவில்லிபுத்தூர் தடம். முன்னால் ஒரு பஸ், பின்னால் ஒரு பஸ், நடுவில் டைமிங் என்ற பெயரில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற பிழைப்பு. “இந்தத் தடத்துல நான் பிரேக் மிதிக்கிறது ரெண்டே எடத்துல. ஒண்ணு ஸ்டாப்பிங், இன்னொண்ணு என் வீட்டு வாசல்” என்று பெருமையாகச் சொல்லுவார். அவர் பஸ் வருகிற சத்தம் கேட்டாலே கோழிகூட ரோட்டைத் தாண்டாது. அவர் நிற்காமல் போனால் பின்னால் வருகிற வரிசை முழுக்க அவரைப் பிடித்துக்கொண்டு போய்விடும். அதனால் லாரிக்காரர்கள் அவரைக் கண்டால் சபிப்பார்கள்.

மாரிக்கனி அவரோடு மல்லுக்கு நிற்கவில்லை. பஸ் வருவது தூரத்தில் தெரிந்ததும் மில் லாரியை நிறுத்துவாள். ஏறத் தொடங்க வேண்டிய வண்டியானாலும் நிறுத்துவாள். பிறகு திரும்பி நின்று, பச்சைத் துணியை விசிறி, பஸ்ஸைப் போகச் சொல்லி, ஒரு கும்பிடும் போடுவாள். எட்வினுக்கு எரிச்சல் தாங்கவில்லை.

“யக்கா, அவரு என்ன மந்திரியா? அவருக்குப் போயி ரோட்டத் தொறந்து விடுதீக!”

“அவிய நூறு பேரு சோலிக்குப் போறதச் சொமந்துக்கிட்டு ஓடுதாக. நீரு நூலுதான சொமக்கீரு? நூலு அழுவாது. செத்த நேரம் இரும்.”

இது வாரக்கணக்கில் நடந்தது. பிறகு ஆனி மாதத்தில் ஒரு நாள், வேலுசாமியின் டிரெய்லர் ஏற்றத்தடியில் நின்றுகொண்டிருந்தபோது, ஐயாதுரையின் பஸ் வந்தது. மாரிக்கனி வழக்கம்போலப் பச்சையைத் தூக்கினாள். பஸ் புஸ்ஸென்று காற்றைக் கக்கிக்கொண்டு நின்றுவிட்டது. உள்ளே நின்றவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து, என்ன ஏது என்று எட்டிப் பார்த்தார்கள். ஐயாதுரை ஜன்னல் வழியாகக் கையை வெளியே நீட்டி லாரியை வரச் சொன்னார்.

“வாரும்யா, வாரும்! டைமிங் போவுது!”

வேலுசாமி ஏறிப் போனான். பஸ்ஸைக் கடக்கையில் ஐயாதுரையின் குரல் கேட்டது: “எனக்கு தினமும் கும்பிடு போட்டு வழியனுப்புற ஒரே பொம்பள இதுதான்யா. எம் பொண்டாட்டிகூடக் கதவச் சாத்திட்டு உள்ள போயிருவா. அதுக்காவது ஒருநா நிக்கலன்னா நான் என்ன மனுசன்?”

அன்று சாயங்காலம் டீக்கடையில் அதுதான் பேச்சு. ஆனால் ஆடிப்பூரம் இன்னும் வரவில்லை. கௌதம்ராஜின் நிபந்தனை தலைக்கு மேலே தொங்கிக்கொண்டுதான் இருந்தது. அன்றாடம் போகிறவர்களுக்கு அவளைத் தெரியும். தேர் பார்க்க வருகிறவர்கள் தென்காசிப் பக்கத்திலிருந்தும் மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் வருகிறவர்கள். அவர்களுக்கு அவள் யாரோ ஒரு பொம்பளை.

ஆடிப்பூரத்தன்று விடிந்ததும் விடியாததுமாக ரோடு நிறைந்துவிட்டது. வேன்கள், கார்கள், கூரையில் ஆள் ஏறிய டெம்போக்கள், மூன்று பேர் உட்கார்ந்த மோட்டார் சைக்கிள்கள். எல்லாம் ஒன்றையொன்று உரசிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஊர்ந்துகொண்டிருந்தன. அன்று பார்த்து மில்லிலிருந்து கண்டெய்னர்கள் மத்தியானத்துக்குள் தூத்துக்குடித் துறைமுகத்தில் இருக்க வேண்டும். தவறினால் கப்பல் போய்விடும். எட்வின் வண்டி முதலில், வேலுசாமி வண்டி இரண்டாவது, அதன் பின்னால் இன்னும் இரண்டு. ஏற்றத்தைத் தாண்டிக் கொஞ்சதூரம் போய்விட்டால், ஊருக்கு முன்னாலேயே சிவகாசிப் பக்கம் திரும்பிக்கொள்ளலாம். அந்தக் கொஞ்சதூரம்தான் மலையாக இருந்தது.

கௌதம்ராஜ் அன்று தானே கேட்டுக்கு வந்து நின்றார். ஒரு காதில் போன், ஒரு கண் கைக்கடிகாரத்தில். “மாரிக்கனி, இன்னைக்கு ரெண்டு ரெண்டா விட்டுரு. எட்வினும் உங்க அண்ணனும் சேர்ந்து போகட்டும்.”

அவள் மேலே பார்த்துக்கொண்டு நின்றாள். செங்கோட்டை வேன் ஒன்றின் டிரைவர் அவளைப் பார்த்து வேகத்தைக் குறைத்தான். பச்சை ஆடியது. எட்வின் உறுமிக்கொண்டு ஏறினான். வேலுசாமிக்கு மேனேஜர் சொன்னது காதில் விழுந்திருந்தது. தங்கச்சிதானே நிற்கிறாள் என்ற தெம்பும் இருந்தது. முதல் கியரைப் போட்டு, எட்வினுடைய வாலைப் பிடித்து முன்சக்கரத்தை ஏற்றத்தில் வைத்தான்.

சிவப்புத் துணி கண்ணாடிக்கு நேராக வந்து நின்றது. துணிக்குப் பின்னால் அவள். பம்பருக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கிற இடம்கூட இல்லை.

வேலுசாமி பிரேக்கில் ஏறி நின்றான். வண்டி முன்னும் பின்னும் ஒரு தடவை ஆடி, சமதரை பின்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டதால் நின்றது. தலையை வெளியே நீட்டினான்.

“ஏட்டி! நாந்தான்டி! அண்ணன்!”

“தெரியுதுண்ணே. நில்லுங்க.”

“மேனேஜரே விடச் சொல்லிட்டாருட்டி!”

“அவரு மில்லுக்குள்ள சொல்லட்டும். ஒண்ணு போயிருச்சு. நில்லுங்க.”

பின்னால் நின்ற லாரிகள் ஹாரனை அழுத்தின. கௌதம்ராஜ் “ஏய் மாரிக்கனி!” என்று கத்தினார். பால்ச்சாமி கதவைத் திறந்து கட்டையோடு பாதி இறங்கியபடி, “மாப்ள, ஒந்தங்கச்சி குழாயடியில உங்க ஆத்தாளையே பின்னால தள்ளுனவ. நீ எம்மாத்திரம்? எஞ்சினக் கொற” என்றார். வேலுசாமிக்கு மூஞ்சியெல்லாம் சூடேறியது. மேலே ஊர்ந்துகொண்டிருந்த வண்டிகளின் ஜன்னல்களில் எத்தனை தலை! எல்லாம் இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன.

அந்தக் கணத்தில்தான் அது நடந்தது. எட்வின் நுழைந்த இடைவெளிக்குப் பின்னால், எங்கே வேலுசாமியின் வண்டி மூக்கை நுழைத்திருக்குமோ சரியாக அங்கே, ஆட்கள் நிறைந்த ஒரு டெம்போ சடாரென்று புகுந்து, முன்னால் போக வழியில்லாமல் அப்படியே நின்றுவிட்டது. கூரையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் ‘கோ’வென்று சிரித்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

வேலுசாமிக்குத் தெரியும். அவன் ஏறியிருந்தால் ஏற்றத்தின் நட்டநடுவில், முழு லோடோடு, அந்த டெம்போவுக்கு முன்னால் நின்றிருக்க வேண்டும். நின்றால் உருளும். உருண்டால் பின்னால் இரண்டு லாரி, அதற்குப் பக்கத்தில் தூண். தூணுக்குப் பக்கத்தில் மேனேஜர். இல்லை, உருளக் கூடாது என்று ஆக்சிலேட்டரை மிதித்திருந்தால் மேலே டெம்போவும் பிள்ளைகளும். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கை வேர்த்துவிட்டது. மடித்து வைத்த துணியை எடுத்துத் துடைத்தவன், அதைத் திரும்ப மடிக்க மறந்துவிட்டான்.

கௌதம்ராஜும் அதைப் பார்த்தார். போனைக் காதிலிருந்து எடுத்தார். தூணைப் பார்த்தார், பிறகு தூணைவிட்டு நாலு எட்டுத் தள்ளி நின்றுகொண்டார்.

டெம்போ நகர்ந்தது. அதன்பின் ஐயாதுரையின் பஸ் வந்தது. படிக்கட்டு வரை கூட்டம், ஜன்னலெல்லாம் பூவும் மஞ்சளும். பஸ் நின்றது. ஐயாதுரை ஜன்னலுக்கு வெளியே இடுப்புவரை சாய்ந்து, தனக்குப் பின்னால் ஹாரன் அடித்த வண்டிகளைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

“யோவ், எதுக்கு அடிக்கிய? அந்தம்மா சொந்த அண்ணனையே நிறுத்தி வச்சிருக்கு, கண்ணு தெரியலயா? ஒண்ணுதான் வரும். ஒண்ணு விடுங்க, பொறவு நீங்க. அங்கிட்டு ஒண்ணு, இங்கிட்டு ஒண்ணு! இந்த எடத்துல சட்டம் அதான்!”

பச்சைத் துணி உயர்ந்தது. வேலுசாமி கிளட்சை விட்டான். எஞ்சின் அடித்தொண்டையில் முனகி, வண்டி ஒரே சீராக, ஒரு குலுக்கல்கூட இல்லாமல் ஏறியது. பால்ச்சாமி கட்டையைத் தூக்கிக்கொண்டு பக்கவாட்டில் ஓடி வந்தார். தேவைப்படவில்லை; தாவி ஏறிக்கொண்டார். தங்கச்சியைத் தாண்டும்போது அவன் அவளைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கண் கலங்கியது தெரிந்துவிடும்.

மேலே ஏறி, இடப்பக்கம் ஒடித்து, ஓட்டத்தில் கலந்த பிறகுதான் பக்கக் கண்ணாடியைப் பார்த்தான். பஸ் நகர்ந்தது. பஸ்ஸுக்குப் பின்னால் வந்த கேரளா நம்பர் கார் தானாக நின்றது. மூன்றாவது லாரி ஏறியது. அடுத்து ஒரு வேன் போயிற்று. அடுத்த வேன் நின்றது. நான்காவது லாரி ஏறியது. ஹாரன் சத்தமே இல்லை. பின்னால் வந்தவன் முன்னால் போனவனைப் பார்த்து அதேபோலச் செய்துகொண்டிருந்தான். மாரிக்கனி இரண்டு துணியையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு, போகிற ஒவ்வொருவருக்கும் கும்பிடு மட்டும் போட்டுக்கொண்டிருந்தாள்.

“மாமா, பின்னால பாத்தீரா?” என்றான் வேலுசாமி.

“பாத்தேன், பாத்தேன். நீ முன்னால பாரு. எங்கயாவது கொண்டு போயிச் சொருகி அவ பேரக் கெடுத்துராத.”

துறைமுக வாசலில் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அன்று சாயங்காலம் எட்வின்தான் மில்லுக்குப் போன் செய்து கேட்டான்: “சார், தூண் நிக்கா?” கௌதம்ராஜ், “நிக்குது, நிக்குது. உங்க அக்காவும் நிக்குது” என்றாராம்.

சொன்ன சொல்லிலிருந்து அவர் மாறவில்லை. முதலாளியிடம் பேசி, முன்வாசல் அப்படியே இருக்கட்டும் என்று உத்தரவும் வாங்கிவிட்டார். ஆனால் அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொல்லிவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

“ஒண்ணு இருக்கு மாரிக்கனி. நிரந்தர கேட் ஆளுன்னா வெளிய போற ஒவ்வொரு வண்டிக்கும் பாஸ்ல கையெழுத்துப் போடணும். கைநாட்டு செல்லாது. இது நான் வச்ச ரூல் இல்ல.”

வேலுசாமி வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தான். இவ்வளவு தூரம் ஏறி, கடைசியில் இப்படி நடு ஏற்றத்தில் நிற்கவா?

“கொஞ்ச நாளு குடுங்க சார், கத்துக்கிடுதேன்” என்றாள் மாரிக்கனி. அவ்வளவுதான்.

அவள் பள்ளிக்கூடம் ஏற்றத்தடியிலேயே நடந்தது. அவளுக்காகக் காத்து நிற்கிற லாரிகள்தான் புத்தகம். ஒவ்வொரு வண்டி நெற்றியிலும் ஏதாவது ஒரு சாமி பேர் எழுதியிருக்கும். சிவப்பைக் காட்டி நிறுத்திவிட்டு, “இதுல மொத எழுத்து என்ன?” என்று கேட்பாள். நிற்கிறவனுக்கும் பொழுது போக வேண்டுமே, சொல்லிக்கொடுப்பான். கொடிக்கம்பால் மண்ணில் எழுதிப் பார்ப்பாள். ‘மாரியம்மன் துணை’ வண்டியிலிருந்து இரண்டு எழுத்துக் கிடைத்தன. ‘சொக்கநாதர் துணை’ நடுவிலிருந்து இரண்டு எடுத்தாள். ‘பழனியாண்டவர் துணை’ ஒன்று கொடுத்தது. முன்பு அவள் முகத்தில் புகை விட்ட அதே டிரைவர், அந்தப் பழனி வண்டிக்காரன், இறங்கி வந்து கொக்கியை எந்தப் பக்கம் சுழிக்க வேண்டும் என்று விரலால் வரைந்து காட்டினான்.

எட்வினுக்குக் குறை. “என் வண்டியில ‘இயேசுவே ஜீவன்’னு எம்புட்டு அழகா எழுதியிருக்கேன். எங்கிட்ட ஒண்ணுமே வேண்டாமாக்கா?”

அவள் அவன் வண்டியை நிமிர்ந்து பார்த்தாள். “கடைசியில தலைக்கு மேல ஒரு புள்ளி இருக்குல்லா? அது எனக்கும் ஒண்ணு வேணும். அத உங்ககிட்ட எடுத்துக்கிடுதேன்.”

“அப்பம் சரி” என்று சந்தோஷமாக ஏறிப் போனான்.

வேலுசாமி மட்டும் சும்மா விடவில்லை. மண்ணில் அவள் எழுதியதைக் குனிந்து பார்த்து, “கடைசி எழுத்துக்கு வயிறு பெருசாயிட்டு. சின்னதா போடு” என்பான். திரும்ப எழுதுவாள். “சரி, இப்பம் ரெண்டாவது சாயுது” என்பான். பால்ச்சாமி வண்டியிலிருந்து கத்துவார்: “டயரத் தட்டுற மாதிரி எழுத்தையும் தட்டாதலே! பிள்ள எழுதட்டும்!”

எண்கள் அவளுக்கு எப்போதோ வந்துவிட்டிருந்தன. நம்பர் பிளேட் பார்த்துப் பார்த்து வந்தவை.

ஒரு காலை நேரம் கௌதம்ராஜ் புதுப் பாஸ் கட்டைக் கேட்டுக்கே எடுத்து வந்தார். பழக்கதோஷத்தில் மை டப்பாவையும் கொண்டுவந்திருந்தார். மாரிக்கனி அதை மூடி அவர் பக்கமே நகர்த்தினாள். ஏற்றத்தடியில் லாரிகள் நின்றுகொண்டிருந்தன. முதல் வண்டி வேலுசாமியுடையது. எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி வந்தான். எட்வின் வந்தான், பழனி வண்டிக்காரன் வந்தான். மேலே ஐயாதுரையின் பஸ் வந்தது; பச்சைத் துணி எதுவும் ஆடவில்லை என்று பார்த்து, கூட்டத்தைப் பார்த்து, டைமிங்கை மறந்து நின்றது.

அவள் பேனாவைக் கொடிக்கம்பு போலத்தான் பிடித்தாள். எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக, ஒன்றையொன்று இடிக்காமல், இடம் விட்டு நின்றன. மாரிக்கனி. எட்வினுடைய புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. வேலுசாமி வெகு நேரம் உற்றுப் பார்த்தான். கடைசி எழுத்தின் வயிறு இன்னும் கொஞ்சம் பெரிதாகத்தான் இருந்தது.

“ஒரு குத்தமும் இல்லட்டி” என்றான்.

அவள் பேனாவை வைக்கவில்லை. பேருக்குக் கீழே இருந்த காலி இடத்தில், யாரையும் கேட்காமல், தேதியையும் தானே எழுதினாள்: 2-9-2024.